ஆலப்புழையில் ஒரு சொல் கேட்கப் போனது

1937ஆம் வருஷம், பங்குனி மாதம் நாலாம் தேதி. காலை ஏழு மணிக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் சேலம் பஸ் வந்து நின்றபோது ஏறுவதற்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியைச் சேர்ந்த சடையக் கவுண்டர், அவருடைய மருமகள் செல்லாயி. அவர்கள் இருவரும் முந்தின நாள் பகலிலேயே மலையிறங்கி வந்து என் மிளகுக் கிடங்கில் தங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூட்டை. அதில் கேழ்வரகு மாவும் தினை மாவும் கொஞ்சம் தேனும் இருந்தன. சேலத்துக்குக் கட்டணம் தலைக்குப் பத்தணா. கவுண்டர் அதுவரை பஸ் ஏறியதில்லை. உட்கார்ந்ததும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தவர், ராசிபுரம் வரும் வரை விடவில்லை.

நான் மலை மிளகு வாங்கி விற்பவன். மலைக்காரர்கள் என்னை ராவுத்தர் என்று கூப்பிடுவார்கள். என் மிளகில் பெரும்பகுதி பல வருஷமாகத் திருவிதாங்கூர் ராஜ்யத்து ஆலப்புழைக்குப் போய்க் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. மிளகு பார்த்த ஊரை நான் பார்த்ததில்லை. அந்த வருஷம் போய்ப் பார்த்துவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். அது எப்படியோ மலைமேல் தெரிந்து, கவுண்டர் என்னைத் தேடி வந்தார்.

அவருக்கு ஒரே மகன். பெயர் நல்லதம்பி. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மிளகுக் கொடிகள் அத்தனையும் வாடிப்போனபோது, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண்டாட்டியை அப்பனிடம் விட்டுவிட்டு, ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணியோடு பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். இரண்டு வருஷம் வருவோர் போவோர் மூலம் சேதி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. போன தை மாதம் தோட்டத்திலிருந்து திரும்பிய சேந்தமங்கலத்து ஆள் ஒருவன், நல்லதம்பியை ஆலப்புழையில் படகு தள்ளிக்கொண்டு போகக் கண்டதாகச் சொல்லியிருக்கிறான்.

"நீங்க போற ஊருதானுங்களே, ராவுத்தரே. எங்களையும் கூட்டிட்டுப் போங்க. எம்மவனைக் கூட்டியாரணும்" என்றார் கவுண்டர்.

"நீங்க வாரது சரிங்க. மருமவ எதுக்குங்க அவ்வளவு தூரம்?"

"நான் கூப்புட்டா வெக்கப்பட்டுக்கிட்டு வரமாட்டானுங்க. அவ வந்து நின்னா வருவான்."

செல்லாயி பக்கத்தில்தான் நின்றாள். இருபத்து நாலு வயசு இருக்கும். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை.

சேலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு ரயில். மூன்றாம் வகுப்பு. ஈரோடு, போத்தனூர், பாலக்காடு என்று வண்டி போகப் போக, ஜன்னலுக்கு வெளியே கருப்பு மண் சிவப்பாகி, சிவப்பு பச்சையானது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கவுண்டர் பெயர் கேட்பார். நான் சொல்வேன். அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். பாலக்காட்டுக் கணவாயில் இரண்டு பக்கமும் மலையைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. "இங்கயும் ஆளுங்க கொடி போட்டிருப்பாங்களா?" என்று கேட்டார். சொறனூரில் வண்டி மாறி, மறுநாள் விடிந்து எறணாகுளத்தில் இறங்கினோம்.

ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணி. எறணாகுளம் படகுத் துறையிலிருந்து ஆலப்புழைக்கு மோட்டார் படகு. டிக்கெட் எட்டணா. பயணம் ஏறக்குறைய நாற்பது மைல். படகில் ஏறப் போட்டிருந்த பலகை ஆடியதைக் கண்டு கவுண்டர் பின்வாங்கினார். செல்லாயி சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து ஏறி, உள்ளே நின்று மாமனாருக்குக் கை கொடுத்தாள்.

காயல் என்று அங்கே சொல்லும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊர் ஏரி நிறைந்தால் அக்கரையில் மாடு மேய்வது தெரியும். இங்கே அக்கரை ஒரு பச்சைக் கோடு. சில இடத்தில் அந்தக் கோடும் இல்லை. வைக்கோல் போர் அளவுக்குக் கூரை போட்ட பெரிய வள்ளங்கள் கொப்பரையும் நெல்லும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்து, அவசரமே இல்லாமல் போயின. செல்லாயி குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள்.

"உப்புக் கரிக்குதுங்க" என்றாள். "இத்தனை தண்ணி இருந்து என்னத்துக்குங்க?"

பக்கத்தில் இருந்த ஒரு பயணி சிரித்துவிட்டு, ஆலப்புழையில் குடிதண்ணீர் விலைக்குத்தான் விற்கிறது என்று சொன்னார். கவுண்டர் அதை நம்பவில்லை.

அரூக்குற்றியில் திருவிதாங்கூர் சுங்கச் சவுக்கை. படகை நிறுத்தி மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். புகையிலையும் உப்பும் கொண்டுபோகிறோமா என்று பார்ப்பார்களாம். கவுண்டரின் தினை மாவை முகர்ந்து பார்த்த அதிகாரி, தமிழ் தெரிந்தவர், நீங்கள் யார் என்று கேட்டார்.

"நாங்க மலையாளிங்க" என்றார் கவுண்டர். கொல்லிமலை ஆட்கள் தங்கள் ஜாதியை அப்படித்தான் சொல்வார்கள். மலையை ஆளுகிறவர் என்று பொருள்.

அதிகாரி சுற்றிலும் இருந்தவர்களிடம் மலையாளத்தில் அதைச் சொன்னார். படகே சிரித்தது. "மலையாளம் பேசத் தெரியாத மலையாளியா?" என்று திரும்பக் கேட்டார்.

"எங்களுக்கு மலை இருக்குதுங்க. இங்க எங்க இருக்குது?" என்றார் கவுண்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அதிகாரி மூட்டையைத் தாமே கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

மத்தியானத்துக்கு மேல் கவுண்டர் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அப்போது செல்லாயி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ராவுத்தரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவரு வரவேணாமுங்க. என்னை விட்டுட்டேன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். அரியூர் நாட்டில் பெண்டாட்டியை இழந்த ஒருவர், பள்ளத்து வயலில் நெல் போடுகிறவர், அவளைக் கேட்டிருக்கிறார். அவளும் சம்மதம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வழக்கத்தில் பெண் மறுபடி கட்டிக்கொள்வதில் குற்றம் இல்லை. ஆனால் முதல் புருஷன் உயிரோடு இருந்தால், அவன் வாயால் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை அவன் தரப்புப் பெரியவர் ஒருவர் கேட்டு வந்து, ஊர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

"மாமனாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அவன் வாரேன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "நீங்க மாமாகிட்டச் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மகனைக் கூட்டிவரப் போகும் தகப்பனையும், அவனிடமிருந்து விடுதலை கேட்கப் போகும் பெண்ணையும் ஒரே படகில் வைத்து நானே அழைத்துப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு காயலின் அழகு என் கண்ணில் நிற்கவில்லை.

மாலை நாலு மணிக்குப் படகு காயலை விட்டு ஒரு கால்வாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சாலை, சாலை ஓரம் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டுக் கிடங்குகள். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் வள்ளம் நின்றது. அதுதான் ஆலப்புழை. துறைக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று அந்த ராஜ்யத்துக் காசு மாற்றிக்கொண்டேன்.

ஆறாம் தேதி முழுவதும் நடந்தோம். ஊரின் அமைப்பு எளிது. கிழக்கே காயலிலிருந்து மேற்கே கடலை நோக்கி இரண்டு பெரிய கால்வாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றை வாடைக் கால்வாய் என்கிறார்கள். மற்றது வியாபாரக் கால்வாய். இரண்டையும் சின்னக் கால்வாய்கள் இணைக்கின்றன. ஆகவே எந்தச் சாலையில் போனாலும் சற்று நேரத்தில் ஒரு பாலம் குறுக்கே வரும். கல்லுப்பாலம், இரும்புப்பாலம், மூன்று பாலங்கள் ஒன்றாகக் கூடும் முப்பாலம். முப்பாலத்தின் நடுவில் நின்றால் நாலு திசையிலும் தண்ணீரும் தண்ணீர் மேல் சரக்கும் தெரிகிறது. தேங்காய் மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவைத்து நார் எடுப்பதால் ஊருக்கே ஒரு நாற்றம் உண்டு. அதற்குள்ளிருந்து திடீரென்று ஒரு கிடங்கு வாசலில் மிளகு மணக்கும். அங்கே கவுண்டர் நின்றுவிடுவார். ஒரு குஜராத்தி வியாபாரியின் கிடங்கில் குவியலிலிருந்து நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம மலையிது இல்லீங்க. காரம் பத்தாது" என்றார். கவுண்டர் என்ன சொன்னார் என்று கிடங்குக்காரர் கேட்டபோது, நல்ல மிளகு என்று சொன்னதாகச் சொல்லிவைத்தேன்.

நல்லதம்பியை யாருக்கும் தெரியவில்லை. கயிற்றுத் தொழிற்சாலை வாசலில் கேட்டோம். சுமை தூக்குவோரிடம் கேட்டோம். படகுத் துறை ஒவ்வொன்றிலும் கேட்டோம். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும் என்று கவுண்டர் தம் புருவத்தைத் தொட்டுக் காட்டுவார். "பாண்டிக்காரனா?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன எல்லோரும் அவர்களுக்குப் பாண்டிக்காரர்தான். சாயங்காலம் கல்லுப்பாலத்துப் படியில் உட்கார்ந்து கேழ்வரகு மாவைப் பிசைந்து சாப்பிட்டபோது கவுண்டரின் கால் வீங்கியிருந்தது. செல்லாயி கால்வாய்த் தண்ணீரில் துணியை நனைத்து அதில் சுற்றினாள். மலையில் ஒரு நாளைக்கு இருமடங்கு நடப்பவர் அவர். சமதரையில் நடக்கத்தான் அவருக்குப் பழக்கமில்லை.

ஏழாம் தேதி காலையில் அவரை நடக்கவைக்க மனம் வராமல் ஒரு சிறிய வள்ளத்தை நாள் வாடகைக்குப் பேசினேன். பன்னிரண்டு சக்கரம். வள்ளக்காரர் பெயர் குஞ்ஞுமைதீன். பல் இல்லாத வாயும், தொடை அளவுக்குப் புஜமும் உடைய கிழவர். வியாபாரம் செய்ய வந்து போனவர்களிடம் பழகித் தமிழ் பேசுவார். தேடுவது யாரை என்று நான் எல்லாம் சொல்லி முடித்ததும், மூங்கில் கழியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவனுக்கு நீந்தத் தெரியுமா?"

"மலையில ஏதுங்க நீச்சலு? ஓடைதானுங்க இருக்குது" என்றார் கவுண்டர்.

"அப்போ எனக்கு ஆளைத் தெரியும். நீந்தத் தெரியாத வள்ளக்காரன் இந்த ஊரில் ஒருவன்தான். இடுப்பில் கயிறு கட்டி வள்ளத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்வான். பிள்ளைகள் எல்லாம் கேலி செய்யும். கிழக்கே ஆற்றிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்து விற்கிறான்."

படகில் அந்தப் பயணி சொன்னது மெய்தான். கால்வாயில் உப்பும் நார் அழுகலும். கிணற்றுத் தண்ணீரும் சரியில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் நிரப்பிய வள்ளங்கள் காலையில் ஊருக்குள் வரும். பெண்கள் குடத்தோடு படித்துறைக்கு வருவார்கள். குஞ்ஞுமைதீன் எங்களை அப்படி ஒரு துறைக்குக் கொண்டுபோனார்.

ஒன்பது மணி இருக்கும். கிழக்கிலிருந்து ஒரு வள்ளம் விளிம்பு மட்டும் தெரிய அமிழ்ந்து வந்தது. நடுப்பகுதி முழுவதும் தண்ணீர். பின்முனையில் நின்று கழி ஊன்றியவன் மெலிந்து கறுத்திருந்தான். இடுப்பில் கயிறு. சடையக் கவுண்டர் எழுந்து நின்றார். எங்கள் வள்ளம் ஆடியது. அவன் பார்த்தான். கழி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. குஞ்ஞுமைதீன்தான் அதை எட்டிப் பிடித்துக் கொடுத்தார்.

அவன் கரையேறி வந்து தகப்பன் காலைத் தொட்டான். கவுண்டர் அவன் தலையைத் தடவினார், தோளைத் தடவினார், இடுப்புக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். "ஊட்டுக்குப் போலாம், சாமி" என்றார்.

"வாரேன்பா" என்றான் நல்லதம்பி. ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இன்னிக்கே வாரேன்."

அந்த வார்த்தையை அவர் ஆறு வருஷமாகக் கேட்கக் காத்திருந்தார். நான் செல்லாயியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

செல்லாயி முன்னால் வந்தாள். "நான் ஒண்ணு சொல்லணுமுங்க" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. மாமனாரைப் பார்த்துச் சொன்னாள். "மாமா, அரியூர் நாட்டுல ஒருத்தரு என்னைக் கேட்டிருக்காரு. நான் சரின்னுட்டேன். இவரு வாயால விட்டேன்னு கேக்கத்தான் நான் வந்தது."

துறையில் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு மொழி தெரியாது. ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கவுண்டர் படியில் உட்கார்ந்தார்.

"எம்பட ஊட்டுல இருந்துக்கிட்டேவா, கண்ணு?" என்றார்.

"ஆறு வருசம் உங்க ஊட்டுல இருந்துதானுங்க மாமா காத்தேன்."

நல்லதம்பி திரும்பித் தன் வள்ளத்துக்குப் போய், காத்திருந்தவர்களுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் அளந்து ஊற்றினான். கடைசிக் குடம் போனதும் வள்ளத்தைக் கவிழ்த்துக் கொட்டி, துடைத்து, நடுவில் ஒரு பலகை போட்டான். எங்களிடம் வந்தான்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஊரைப் பார்த்துட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள நான் சொல்றேன்."

குஞ்ஞுமைதீன் பாதி நாள் வாடகைதான் வாங்கிக்கொண்டார். நாங்கள் மூவரும் நல்லதம்பியின் வள்ளத்தில் ஏறினோம்.

ஆலப்புழையை நான் பார்த்தேன் என்று சொன்னால் அது அந்த ஒரு பகலில்தான். முந்தின நாள் பாலத்தின் மேலிருந்து பார்த்த ஊரை இப்போது பாலத்தின் கீழிருந்து பார்த்தோம். தலைக்கு மேல் மாட்டு வண்டி போகும் சத்தம். பாலத்தின் அடியில் பாசி. வெளியே வந்ததும் கண் கூசும் வெயில். கிடங்குகளின் முதுகுப் பக்கம் தண்ணீர் வரை படிகள் இறங்கின. படியில் நின்றவர்கள் கயிற்றுக் கட்டுகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி வள்ளத்தில் அடுக்கினார்கள். சின்னக் கால்வாய் ஒன்றில் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து மட்டையைத் தடியால் அடித்தார்கள். அந்தச் சத்தம் நாங்கள் கடக்கும் வரை நிற்கவில்லை. மாதா கோவில் ஒன்றின் படித்துறையில் கல்யாணக் கூட்டம் வள்ளத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மணப்பெண் வெள்ளை உடுத்தியிருந்ததைக் கண்டு செல்லாயி திகைத்துப் போனாள். அவர்களுக்கு அதுதான் கல்யாணச் சேலை என்று நல்லதம்பி சொன்னான். அன்று அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

அவன் ஒவ்வொன்றையும் காட்டினான். இன்ன கிடங்கில் ஏலக்காய்; இன்ன கம்பெனியில் வெள்ளைக்காரர்; இந்த மூலையில் தண்ணீரோட்டம் இழுக்கும், கழியை ஆழ ஊன்ற வேண்டும். வேண்டாத விருந்தாளியிடம் காட்டுவது போல இல்லை. தான் வாழ்ந்த ஊரைத் தன் மனிதர்கள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. கவுண்டர் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆனால் கழி தண்ணீருக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் மகனின் காலைப் பார்த்தார், வழுக்குகிறதா என்று.

கால்வாய் முடியும் இடத்தில் வள்ளத்தைக் கட்டிவிட்டு மணலில் நடந்து கடற்கரைக்குப் போனோம். மாலை ஐந்து மணி. கலங்கரை விளக்கத்துக்கு அருகிலிருந்து ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நெடுந்தூரம் போகிறது. அதன் மேல் தண்டவாளம். சரக்கு வண்டிகளை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். தூரத்தில் இரண்டு கப்பல்கள் நின்றன. என் மிளகு போகும் வழி அதுதான். நல்ல விலைக்குப் போகட்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. பாலத்தின் நடுவில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு பேரும் நின்றோம். கீழே அலை தூணில் மோதியது.

"ஏன் வரலே?" என்றாள் செல்லாயி. அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பீர்மேட்டுல காய்ச்சலு கண்டுச்சு. சேத்துவெச்சதெல்லாம் அதுலயே போச்சு. வெறுங்கையோட எப்படி வாரதுன்னு இங்க எறங்கி வந்து இருந்துட்டேன். அடுத்த வருசம் போலாம், அடுத்த வருசம் போலாம்னு." கப்பல் பக்கம் பார்த்தான். "நாலாம் வருசம் போத்தனூரு வரைக்கும் வந்தேன். ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன். திரும்பிட்டேன்."

செல்லாயி கம்பியை இறுகப் பிடித்தாள். "அந்த வருசம் நீங்க வந்திருந்தா நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேனுங்க" என்றாள்.

அவன் தலையை அசைத்தான். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினான்.

"அப்பா, கேட்டுக்குங்க. ராவுத்தரே, நீங்களும் கேட்டுக்குங்க. செல்லாயியை நான் விட்டுட்டேன். அவ மேல ஒரு குத்தமும் இல்லே. அவ இஷ்டப்பட்ட எடத்துக்குப் போகட்டும்."

கவுண்டர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. நீ வாடா, நம்ம ஊட்டுக்கு" என்றார்.

"இப்ப வேணாம்பா. அவளுக்கு ஒரு வழி ஆகட்டும். நான் அங்க நின்னா அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

எட்டாம் தேதி காலைப் படகில் கிளம்பினோம். நல்லதம்பி துறைக்கு வந்தான். ஒரு மண் பானை நிறைய ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, வழிக்கு என்று படகில் வைத்தான். படகு காயலில் திரும்பும் வரை தெரிந்தான்.

திரும்பும் வழியெல்லாம் கவுண்டர் வாய் திறக்கவில்லை. ஸ்டேஷன் பெயரும் கேட்கவில்லை. செல்லாயி மாவு பிசைந்து கொடுத்தால் வாங்கிச் சாப்பிட்டார், அவ்வளவுதான். போத்தனூரில் மட்டும் இறங்கிப் போய் அங்கிருந்த பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. செல்லாயிக்கும் அதே பயம் என்று அவள் முகத்தில் தெரிந்தது. சொல்லை ஊரில் சொல்ல வேண்டியவர் இவர்தான். நான் கேட்டது செல்லாது. நான் அவர்கள் ஆளில்லை. "மகன் வாரேன்னு சொன்னான்" என்று மட்டும் இவர் சொன்னால் போதும். அது பொய்யும் ஆகாது. செல்லாயி இன்னும் எத்தனை வருஷமோ அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

பத்து நாள் கழித்துத் திண்ணனூர் நாட்டில் ஊர் கூடியது. எனக்கும் சேதி சொல்லி அனுப்பியிருந்தாள் செல்லாயி. அடிவாரத்திலிருந்து ஐந்து மணி நேரம் ஏறிப் போனேன். ஒரு பலா மரத்தடியில் முப்பது நாற்பது பேர். நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். அரியூர் நாட்டுக்காரரும் வந்திருந்தார். நாற்பது வயசு, அமைதியான மனிதர்.

"கவுண்டரே, போயிட்டு வந்தீங்க. பையன் என்ன சொன்னான்?" என்றார் பட்டக்காரர்.

சடையக் கவுண்டர் எழுந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"வாரேன்னுதான் மொதல்ல சொன்னான்" என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். அரியூர்க்காரர் தரையைப் பார்த்தார்.

"இவ வேணாம்னா. அப்பறம், விட்டுட்டேன்னு சொன்னான். அவன் வாயால சொன்னான், எங்காதால கேட்டேன். குத்தம் இவ மேல இல்லேன்னும் சொன்னான்." துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "ஆறு வருசம் இவ கையால சாப்பிட்டிருக்கேன். மாத்திச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பட்டக்காரர் வேறு யாரையும் கேட்கவில்லை.

வைகாசியில் செல்லாயி அரியூர் நாட்டுக்குப் போனாள். கவுண்டர் முன்னே நின்று அனுப்பிவைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஆவணி மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் கடை திறக்க வந்தால், வாசலில் சடையக் கவுண்டர் மூட்டையோடு நிற்கிறார். பக்கத்தில் செல்லாயியும் அவள் புருஷனும். முந்தின நாளே மலையிறங்கி அடிவாரத்தில் தங்கியிருந்தார்களாம். மூட்டையை மலையிலிருந்து சுமந்து வந்தவர் அந்த அரியூர்க்காரர்தான்.

"எம்மவங்கிட்டப் போறேனுங்க. நிலத்தைத் தம்பி மவன் பாத்துக்குவான். வழியை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் கவுண்டர்.

"தனியாவா போறீங்க? அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"அவன் வள்ளத்துல இருப்பேனுங்க. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தன் தண்ணி ஊத்தலாம், ஒருத்தன் கழி பிடிக்கலாம்."

நான் சொன்னேன். சேலம், ஈரோடு, போத்தனூர், பாலக்காடு, சொறனூரில் வண்டி மாறவேண்டும், எறணாகுளத்தில் இறங்கிப் படகுத் துறை எங்கே என்று கேட்க வேண்டும். அவர் திருப்பிச் சொன்னார். ஒரு பெயரும் விடவில்லை.

பஸ் வந்தது. செல்லாயி மூட்டையை உள்ளே வைத்துவிட்டு இறங்கினாள். "மாமா, கால் வீங்கினா நடக்காதீங்க. உக்காந்துக்குங்க" என்றாள். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். பஸ் ராசிபுரம் சாலையில் திரும்பியது.

செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வெய்யலு ஏறதுக்குள்ள கெளம்பறோமுங்க, ராவுத்தரே" என்றாள். இரண்டு பேரும் மலைப்பாதைப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் மேலே போய்ச் சேரும் நேரத்துக்குக் கவுண்டர் சேலத்தில் ரயில் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கடையைத் திறந்தேன்.